ஏற்றத்தில் சூடு, இறக்கத்தில் பிரேக்: மலைநாட்டில் ஓடும் பழைய டீசல் வேனுக்கு

டொயோட்டாவின் டவுன்ஏஸ், லைட்ஏஸ், டொல்பின் ஹையேஸ். இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் மரக்கறி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இன்னும் ஓடுபவை இவைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் "இன்னும் ஒரு வருசம் ஓட்டுவோம்" என்று ஓட்டி ஓட்டியே கிழடாகிப்போன வேன்கள் ஏராளம். அவற்றுக்கு வரும் கோளாறும் அநேகமாக ஒரே கோளாறுதான், திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் ஏதோ ஒரு ஒயில் குறைந்திருக்கும், இல்லாவிட்டால் பழசாகியிருக்கும்.

டொயோட்டாவின் 2சி, 3எல் டீசல் எஞ்சின் உள்ள வேன்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற பழைய டீசல்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். ஒவ்வொரு கோளாறுக்கும் சல்லி செலவில்லாத காரணம் முதலில், பெரிய செலவு கடைசியில். அந்த வரிசையை மாற்றாதீர்கள். ரேடியேட்டர் மூடி பழுதென்று தெரியாமல் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

வேலை தொடங்குமுன்: சமதரை இங்கே லேசில் கிடைக்காது. கோயில் முன்றிலோ மைதானத்து ஓரமோ தேடிப் போங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் ஸ்பெயார் சக்கரத்தையாவது செசியின் (அடிச்சட்டத்தின்) கீழே தள்ளிவிட்டுப் படுங்கள்.

## 1. சூடு ஏறுகிறது

### வழியில் முள் மேலே போனால் முதலில் செய்வது

ஓரமாக நிறுத்துங்கள். பேன் பெல்ட் இருக்கிறதா, தண்ணி பீறிட்டு ஊற்றுகிறதா என்று பாருங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணி ஊற்றினாலோ எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். இரண்டும் இல்லை என்றால் ஐடிலில் ஓடவிட்டு, வேனுக்குள் சூடு தரும் ஹீட்டரை முழுவதும் திறந்து வையுங்கள், முள் மெல்ல இறங்கும். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். முக்கால் மணி நேரமாவது ஆறவிட்டு, தடித்த துணி போட்டு, கால் திருப்பு திருப்பி, ஆவி போகும்வரை நிறுத்தி, பிறகு கழற்றுங்கள். கொதித்துக் கிடக்கும் எஞ்சினுக்குள் பீலித் தண்ணியை (மலையிலிருந்து வரும் குழாய்த் தண்ணியை) அப்படியே ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழும். அந்த இடத்தில் மிச்சப்படுத்தும் அரை மணி நேரத்துக்குப் பல மாதச் சம்பளம் போகும்.

### ஏற்றத்தில் மட்டும் ஏறி, இறக்கத்தில் இறங்கிவிடுகிறது

கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் ஏறும்போதும், ரம்பொடையிலிருந்து நுவரெலியா ஏறும்போதும் வழக்கமாகக் கேட்கும் முறைப்பாடு இது.

முதலில் தண்ணி மட்டம். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பக்கத்து டப்பாவில் தண்ணி இருக்கிறது என்பதால் ரேடியேட்டரிலும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூடி பழுதானால் டப்பா நிறைந்தே கிடக்கும், ரேடியேட்டர் காலியாகும்.

அடுத்து அந்த மூடி. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணி ஏறக்குறைய 94 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடித்தால்தான் ரேடியேட்டருக்குள் அந்தக் கொதிநிலை 110 பாகைக்கு மேல் போகும். ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போன மூடியோடு வேன் கொழும்பில் எப்படியோ தாக்குப்பிடிக்கும், நானுஓயா தாண்டியதும் கொதிக்கும். ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பும் தட்டையாகிப்போன வளையமும் கையில் படும். மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருப்பார்கள். அதே எண் உள்ளதையே வாங்குங்கள். பெரிய எண் போட்டால் பழைய ஹோஸ் பிய்யும்.

மூன்றாவது, ரேடியேட்டரின் வெளிப்புறம். டவுன்ஏஸ் போன்றவற்றில் முன்னால் ஏசி கண்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவில் சேறும் இலையும் பூச்சியும் அடைந்து கிடக்கும். தோட்டத்து ரோட்டில் ஓடும் வேனென்றால் கட்டாயம் இருக்கும். சாதாரண ஹோஸ் பைப்பால் எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணி அடியுங்கள். சர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் குழாயைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, இருந்த காற்றோட்டமும் போகும்.

நான்காவது பேன் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் இழுத்துக் கட்ட வேண்டும். உட்புறம் வெடித்திருந்தால் புதிது போடுங்கள், பழையதை ஸ்பெயாராக வண்டியில் வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் ஏறுகிறதென்றால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது. ஓடித் திரும்பி வந்ததும் எஞ்சினை நிறுத்தி, ரேடியேட்டர் முகத்தில் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பகுதி தகிக்க, இன்னொரு பகுதி சில்லென்று இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணி ஓடவில்லை. ரொட் போட, அதாவது குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பெடுக்க, கொடுக்கலாம். கம்பி விட்டால் உடையும் அளவுக்குப் பித்தளை மெலிந்திருந்தால் கோர் மாற்றச் சொல்வார்கள். இது ரேடியேட்டர் கடை வேலை.

### நின்றால் ஏறுகிறது, ஓடினால் சரியாகிறது

பேன் தான். எஞ்சின் நிற்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள். வேனை ஓட்டி வந்து நிறுத்தியவுடன் சுற்றினால் இறுக்கம் தெரிய வேண்டும். தட்டிவிட்டதும் தானாகச் சுற்றிக்கொண்டே போனால் பேனை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங் தீர்ந்துவிட்டது.

### சமதரையிலேயே, சில நிமிடத்திலேயே ஏறுகிறது

தர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறியதும் தண்ணிக்கு வழி திறக்கும் வால்வு) திறக்காமல் சிக்கியிருக்கலாம். எஞ்சின் சூடாகியும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டில் ஒன்று குளிர்ந்தே கிடந்தால் சந்தேகம் சரி. கழற்றி அடுப்பில் தண்ணியில் போட்டுப் பாருங்கள், 82 என்று பொறித்தது தண்ணி கொதிப்பதற்கு முன்பே வாயைத் திறக்க வேண்டும். "அத கழட்டி வீசுங்கண்ணே, இந்தக் குளிருக்கு எதுக்கு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். சில எஞ்சின்களில் தர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றும், சூடு இன்னும் கூடும். மற்றவற்றில் எஞ்சின் சூடேறவே ஏறாது, டீசல் கூடுதலாகக் குடிக்கும்.

அது நன்றாக இருந்தால் வோட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அங்கே ஈரமோ, காய்ந்த பச்சைக் கறையோ இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. சில எஞ்சின்களில் பம்ப்பை எடுக்க, வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட் பக்கம் கை வைக்க வேண்டும். அப்படியென்றால் பாஸிடம் (கராஜ் மெக்கானிக்கிடம்) விட்டுவிடுங்கள்.

### தண்ணி குறைகிறது, வெளியே கசிவே இல்லை

காலை, குளிர்ந்த எஞ்சின். மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் ஒன்றிரண்டு குமிழி வருவது சகஜம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அல்லது மூடி போட்ட பிறகு ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லுப்போல இறுகினால், எஞ்சினுக்குள் எரிந்த புகை தண்ணிக்குள் போகிறது. ஹெட் கேஸ்கட் (ஹெட்டின் அடியில் உள்ள அடைப்புத் தகடு) அல்லது ஹெட் வெடிப்பு. டிப்ஸ்டிக்கில் (ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியில்) ஒயில் பால் கலந்த நிறமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெள்ளைப் பசை ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள். குளிர் ஊரில் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வேனில் ஈரம் அங்கே போய்ப் படியும். ஒருமுறை நீண்ட ஓட்டம் ஓடினால் போய்விடும். டிப்ஸ்டிக் சுத்தமாக இருக்கிறதா என்பதே கணக்கு.

கேஸ்கட் என்று தெரிந்த பிறகு மஞ்சள்தூள், மிளகுத்தூள், கடையில் விற்கும் அடைப்புத் திரவம் எதையும் ரேடியேட்டரில் போடாதீர்கள். அடைபடுவது ஹீட்டரும் ரேடியேட்டரும்தான். வேனை ஓட்டாமல் பாஸைக் கூப்பிடுங்கள். ஹெட்டைக் கழற்றினால் லேத் கடையில் பிரஷர் வைத்து வெடிப்புப் பார்க்கச் சொல்லுங்கள். அது தெரியாமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் இதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

### கூலன்ட் மாற்றும் விதம்

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் அடித் திருகையும் பிளாக் பக்கத்துத் திருகையும் திறந்து வடித்துவிடுங்கள். பழையது துருநிறத்தில் வந்தால், நல்ல தண்ணி ஊற்றி, ஓட்டி, மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள். பிறகு கூலன்ட் பாதி, சுத்தத் தண்ணி பாதி. பீலித் தண்ணி குடிக்க நல்லதுதான், ஆனால் மழைக்காலத்தில் அதில் வரும் மண் ரேடியேட்டரில் தங்கும். காய்ச்சி வடித்த தண்ணி கிடைக்காவிட்டால் வடிகட்டிய மழைத்தண்ணி பரவாயில்லை.

காற்று அடைபடுவதுதான் இதில் தொல்லை. இங்கே மேடு தேடி அலைய வேண்டியதில்லை. முன் சக்கரம் மேலே இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, மூடி இல்லாமல் ஐடிலில் ஓடவிடுங்கள். குமிழி வந்து மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். அடுத்த நாள் காலை மறுபடி மட்டம் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

கூலன்ட் இனிக்கும், நஞ்சு. வடித்ததை நாய் நக்கவும் பிள்ளைகள் தொடவும் விடாதீர்கள்.

## 2. பிரேக்

இந்தப் பகுதியில் சந்தேகம் இருந்தால் ஓட்டாதீர்கள். மற்றக் கோளாறுகள் பலவற்றோடு வீடுவரை வந்துவிடலாம், இதோடு ரம்பொடை இறங்க முடியாது.

### நீண்ட இறக்கத்தில் பெடல் மெத்தென்று ஆகி, ஆறினால் சரியாகிறது

பிரேக் ஒயில் கொதிக்கிறது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மூடுபனி ஊரில் கேட்கவே வேண்டாம். டொட் என்பது டின்னில் உள்ள தரக்குறி. புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. ஒயிலை மாற்றுங்கள், டொட் 4 போடுங்கள், இரண்டும் கலந்தாலும் கெடுதி இல்லை. ஆனால் இரண்டாம் கியரில் இறங்க வேண்டிய இடத்தில் நான்காம் கியரிலும் நியூட்ரலிலும் இறங்கினால் எந்த ஒயிலும் காப்பாற்றாது. டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குபவர்களும் உண்டு. எஞ்சின் நின்றால், மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேகூம் (வெற்றிட இழுவை) இல்லை. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

### பெடல் மெத்தென்று இருக்கிறது, எப்போதும்

இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்தால் உயர்ந்து வருகிறதா? உயர்ந்து கெட்டியானால், அநேகமாகப் பின் பிரேக் சூக்கள் தேய்ந்து தூரமாகிவிட்டன. ஹேண்ட் பிரேக்கும் கூடுதலாக மேலே வரும். அட்ஜஸ்ட் செய்தால் போதும். உயர்ந்தும் ஸ்பிரிங் போல இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது. ப்ளீட் செய்து அதை வெளியேற்றுங்கள், விதம் கீழே இருக்கிறது.

### மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்ல கீழே போகிறது

டப்பாவில் ஒயில் மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் வெளியே எங்கோ கசிகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். பின் டயரின் உட்சுவர் நனைந்து மினுங்கினால் வீல் சிலிண்டர் போய்விட்டது. இரும்புக் குழாய்கள் செசியோடு சேரும் கிளிப்புகளின் அடியில் துருப்பிடித்துக் கசியும், அங்கேயும் விரலால் தடவுங்கள். எங்கும் ஈரமில்லை, மட்டமும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல். இந்த நிலையில் வேன் நகரக்கூடாது, பாஸை வரவழையுங்கள்.

### பெடல் கல்லுப்போல இருக்கிறது

எஞ்சினை நிறுத்தி, பெடல் இறுகும்வரை பலமுறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். இறங்காவிட்டால் முதலில் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா, கிளிப் கழன்றிருக்கிறதா பாருங்கள். இந்த டீசல்களில் வேகூம் பம்ப் டைனமோவின் பின்னால் ஒட்டியிருக்கும். அதற்குப் போகும் ஒயில் குழாயும் அங்கேதான். ஹோஸ் நல்லதென்றால் பம்ப், அதன் பிறகு பூஸ்டர். இரண்டும் கராஜ் வேலை.

### பிரேக் ஒயில் மாற்றும் விதம்

சீல் உடையாத புது டின் வாங்குங்கள். போன வருடம் திறந்து வைத்த பாதி டின்னை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு போத்தல், பெடல் மிதிக்க ஒரு ஆள். பெடலின் அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள், அடிவரை போகக்கூடாது. பழைய மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதியில் துரு இருக்கும். சீல் அதுவரை போய் உரசினால், நன்றாக இருந்த சிலிண்டரும் அன்றைக்கே கசியத் தொடங்கும்.

எங்கள் வேன்களில் மாஸ்டர் வலப்பக்கம். அதனால் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். பின் அச்சருகே பாரத்துக்கேற்ப அழுத்தம் குறைக்கும் வால்வு இருந்து அதிலும் ப்ளீடர் (காற்றும் ஒயிலும் வெளியேற்றும் திருகு) இருந்தால் அதையும் விடாதீர்கள். ப்ளீடரை வட்ட ஸ்பேனரால் மட்டும் திருப்புங்கள். துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டு வையுங்கள். நட்டு வழுக்கத் தொடங்கினால் அதோடு நிறுத்துங்கள். உடைந்த ப்ளீடரை எடுப்பது வீட்டு வேலை இல்லை.

"அமுக்கு தம்பி… பிடி." ப்ளீடரை அரைத் திருப்பு திறக்கிறீர்கள், குழாயில் ஒயில் ஓடுகிறது, மூடுகிறீர்கள். "விடு." மூடுவதற்கு முன் அவர் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், மறுபடி ஆரம்பத்திலிருந்து. பழையது பிளேன்டி நிறத்தில் வரும், சிலதில் கறுப்புத் துணுக்குகளும் மிதக்கும். தேன்நிறம் வந்து, குமிழியும் நின்றால் அடுத்த சக்கரம். மேலே டப்பா கீழ்க்கோட்டைத் தொட விடாதீர்கள். ஒவ்வொரு ஐந்தாறு மிதிக்கும் ஒருமுறை நிரப்புங்கள். பெயின்டில் பட்டால் உடனே தண்ணியால் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும்.

பிரேக் டப்பாவில் யாராவது எஞ்சின் ஒயிலோ ஸ்டியரிங் ஒயிலோ ஊற்றிவிட்டால் மேலாக உறிஞ்சி எடுத்துச் சமாளிக்க முடியாது. அமைப்பில் உள்ள ரப்பரெல்லாம் ஊதிப்போகும். பாஸிடம் உண்மையைச் சொல்லி முழுவதும் மாற்றுங்கள்.

முடிந்ததும் சமதரையில் மெல்ல ஓட்டிப் பலமுறை பிரேக் போட்டுப் பார்த்த பிறகே இறக்கத்துக்குப் போங்கள்.

## 3. காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

### ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது

பெட்டரி முனைகளைக் கழற்றி, சுடுதண்ணி ஊற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். எஞ்சினிலிருந்து செசிக்குப் போகும் எர்த் வயரையும் பாருங்கள், பழைய வேன்களில் அதை யாரும் கவனிப்பதில்லை. மீட்டர் இருந்தால், ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பெட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள். கீழ்நாட்டில் ஊற்றிய 20டபிள்யூ-50 ஒயிலோடு நுவரெலியா ஜனவரிக் குளிரில் சுற்றினாலும் இப்படித்தான் இழுக்கும். 15டபிள்யூ-40 போடுங்கள்.

### நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை; வெள்ளைப் புகை வருகிறது

ஹீட்டர் பிளக், அதாவது ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சின் அறையைச் சூடாக்கும் பிளக். டெஷ்போட் விளக்கு அணைந்தால் பிளக் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றுங்கள். டெஸ்ட் லாம்பின் கிளிப்பை பெட்டரி பிளஸ்ஸில் மாட்டி, நுனியால் ஒவ்வொரு பிளக் தலையையும் தொடுங்கள். எரிந்தால் நல்லது, எரியாதது செத்தது. நான்கில் ஒன்று போனால் எஞ்சின் பிடித்து ஒரு நிமிடம் நடுங்கும். இரண்டு போனால் குளிரில் பிடிக்காது. இறுகிக் கிடக்கும் பிளக்கைப் பலவந்தமாகத் திருப்பினால் நுனி உடைந்து ஹெட்டுக்குள் நின்றுவிடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது முயலுங்கள், அசையாவிட்டால் பாஸ்.

ஸ்டார்ட் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். சிவந்திருக்கும் பிளக்கில் அது பட்டால் உள்ளேயே வெடிக்கும்.

### பிடித்து அணைகிறது, அல்லது புகையே இல்லை

டீசல் வரவில்லை. பில்டரின் தலையில் உள்ள கைப் பம்ப்பை அமுக்குங்கள். நல்ல நிலையில் சில அமுக்கில் இறுகிவிட வேண்டும். ஒவ்வொரு காலையும் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. இதை உறுதிசெய்யச் செலவில்லாத வழி ஒன்று மலைநாட்டுக்காரருக்கு உண்டு: ஒரு இரவு முன்பக்கம் மேலே, அடுத்த இரவு முன்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். மேலே நின்றால் பிடிக்காது, கீழே நின்றால் உடனே பிடிக்கும் என்றால் டீசல் டேங்கிக்குத் திரும்பி வடிகிறது. இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசல் பீய்ச்சும் பகுதி) மேலுள்ள மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ்கள், ஹோஸ் கிளிப்புகள், கைப் பம்ப்பின் ரப்பர் என்ற வரிசையில் மாற்றுங்கள். முதலாவது மிக மலிவு, பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

பில்டர் விளக்கு எரிந்தால் தண்ணி சேர்ந்திருக்கிறது. பில்டரின் அடியில் போத்தலைப் பிடித்து, வடிகால் திருகை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி, கைப் பம்ப்பை அமுக்குங்கள். தண்ணி அடியில் நிற்கும், டீசல் மேலே மிதக்கும். சுத்த டீசல் வந்ததும் மூடுங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கேன்களில் வாங்கிச் சேமித்த டீசலோடு டேங்கிக்குள் போன துருவும் அழுக்கும் இன்னும் சில வேன்களில் அடியில் கிடக்கிறது. பில்டர் அடிக்கடி அடைத்தால் டேங்கியைக் கழற்றிக் கழுவத்தான் வேண்டும்.

இதெல்லாம் சரி, இன்னும் பிடிக்கவில்லையா? பம்ப், இன்ஜெக்டர். டீசல் பம்ப் கடைக்காரர் தவிர வேறு யாரையும் தொட விடாதீர்கள்.

இறக்கத்தில் நிறுத்தி உருட்டிப் பிடிப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வித்தை. எஞ்சின் பிடிக்கும்வரை பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனமாக இருக்கும் என்பதை மறக்காதீர்கள். வளைவுக்கு முன் உருட்டாதீர்கள்.

## 4. புகை

கறுப்பு: ஏர் பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள், வெளிச்சம் தெரியாவிட்டால் புதிது. மலை ஏற ஏறக் காற்று மெலியும். அதனால் ஏற்றத்தில் கொஞ்சம் கறுப்பு வரத்தான் செய்யும். சமதரையிலும் வந்தால் இன்ஜெக்டர் சோதிக்க வேண்டும். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் பில்டர், ஒயில் இரண்டையும் மாற்றி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள்.

நீலம்: எஞ்சின் ஒயில் எரிகிறது. மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலையில் மட்டும் ஒரு முறை வந்து நின்றால் வால்வ் சீல், ஓட்டலாம். எப்போதும் வந்தால் பிஸ்டன் ரிங். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லீட்டருக்கு மேல் குடித்தால் எஞ்சினை இறக்குவதைப் பற்றிப் பாஸோடு பேசுங்கள்.

வெள்ளை: குளிர்ந்த காலையில் கொஞ்சம் வந்து மறைவது ஆவி. சூடான பிறகும் இனிப்பு மணத்தோடு வந்தால் முதல் பகுதியில் ஹெட் கேஸ்கட்டுக்குப் போங்கள்.

## 5. கியர் விழ மறுக்கிறது

எஞ்சின் நிற்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது விழாவிட்டால் கிளச் விடுபடவில்லை. கிளச் ஒயில் மட்டம் பாருங்கள். கியர்பெட்டி பக்கத்துச் சின்ன சிலிண்டரின் ரப்பர் உறையை ஒதுக்கினால் உள்ளே ஈரம் தெரியும். ரப்பர் கிட் போட்டு ப்ளீட் செய்தால் தீரும். பிரேக் ஒயிலேதான் இதற்கும்.

ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறது, வேன் ஏறவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. பெடலின் மேலே சிறிது வெறும் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். இருந்தும் வழுக்கினால் பிளேட்.

காலையில் மட்டும் இறுக்கம் என்றால் கியர் ஒயில் பழசு. மாற்றும்போது ஒரு விதியைக் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடியுங்கள்: நிரப்பும் நட்டை முதலில் திறந்து பார்த்த பிறகே வடிக்கும் நட்டைத் தொடுங்கள். வடித்துவிட்டு, நிரப்பும் நட்டு அசையவில்லை என்றால் வேன் அங்கேயே கிடக்கும். கியர்பெட்டிக்கு 75டபிள்யூ-90, கைநூல் ஜிஎல்-4 (கியர் ஒயிலின் தரக்குறி) கேட்டால் அதையே. டிஃபுக்கு (பின் அச்சின் டிஃபரன்ஷியலுக்கு) ஜிஎல்-5, 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-90. துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றுங்கள். காந்த நட்டில் கறுப்புப் பசை இருப்பது வழக்கம். விரலில் குத்தும் துண்டு இருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும், அது பாஸ் வேலை. இரண்டாம் கியர் மட்டும் கறகறத்தால் அந்தக் கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. ஒயில் மாற்றினால் கொஞ்ச நாள் அடங்கும், அவ்வளவுதான்.

## 6. தரையில் சொட்டு

இரவில் அடியில் வெள்ளைக் காட்போட் மட்டையை விரியுங்கள். கறுப்பு என்றால் எஞ்சின் ஒயில். தடித்து, கெட்ட கந்தக நாற்றம் அடித்தால் கியர் அல்லது டிஃப். சிவப்பு மெல்லிய எண்ணெய் பவர் ஸ்டியரிங். பச்சையோ சிவப்போ, ஒட்டிக்கொள்ளும் தண்ணி கூலன்ட். தேன்நிறத்திலோ பிளேன்டி நிறத்திலோ சக்கரத்தின் உட்பக்கம் சொட்டினால் பிரேக். இரண்டாம் பகுதிக்குத் திரும்புங்கள். ஏசி போட்டு வந்த வேனில் வெறும் தண்ணி சொட்டினால் கவலையில்லை.

## 7. ஒயில் விளக்கு, எஞ்சின் ஒயில், டைமிங் பெல்ட்

ஓடும்போது சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் அடுத்த சந்திவரை கூடப் போகாதீர்கள். அங்கேயே அணையுங்கள். மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி, விளக்கு அணைந்தால் மெல்லப் போகலாம். மட்டம் சரியாக இருந்தும் எரிந்தால் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். கொண்டை ஊசி வளைவில் மட்டும் மினுக்கினால் மட்டம் பாதிக்குக் கீழே இருக்கிறது. மட்டம் தானாக உயர்ந்தால் இன்னும் மோசம். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், டீசல் மணம் அடித்தால் டீசல் பம்ப் கடை, பால்நிறமென்றால் ஹெட்.

ஒயில் மாற்றுவதில் பெரிய சூத்திரம் இல்லை. எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடியுங்கள், வோஷரைப் புதிதாகப் போடுங்கள். புது பில்டரின் ரப்பரில் ஒயில் தடவி, தொட்ட பிறகு முக்கால் சுற்று கையாலேயே இறுக்குங்கள். மீட்டர் கணக்கை இங்கே நம்ப வேண்டாம். இரண்டாம் கியரிலேயே ஓடும் வேனுக்குக் கிலோமீட்டர் குறைவு, எஞ்சின் சுற்று கூடுதல். 4,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. பழைய ஒயிலைக் கானில் (வடிகாலில்) ஊற்றாதீர்கள். மேட்டு லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) கான் தண்ணி கீழ் லயத்துப் பீலிக்குத்தான் போகும். கேனில் நிரப்பி, பழைய ஒயில் எடுக்கும் சர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.

டைமிங் பெல்ட் 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. அதற்கென டெஷ்போட்டில் ஒரு விளக்கு உண்டு. ஆனால் முந்தைய சொந்தக்காரர் பெல்ட்டை மாற்றாமலேயே அந்த விளக்கை அணைத்து வைத்திருக்கலாம். இறக்குமதி வேன்களின் மீட்டரையும் நம்ப முடியாது. இது அறுவதற்கு முன் சத்தம் கொடுக்காது, அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். மாற்றிய திகதி எழுதிய ஸ்டிக்கரோ பில்லோ இல்லாத வேனை வாங்கினால், சீட் கவர் போடுவதற்கு முன் பெல்ட்டையும் டென்ஷனரையும் பாஸிடம் கொடுத்து மாற்றுங்கள். வோட்டர் பம்ப்புக்கு வழி அந்தப் பக்கமாக இருந்தால் அதையும் அதே கூலியில் மாற்றச் சொல்லுங்கள். திகதியையும் மீட்டர் எண்ணையும் பெல்ட் கவரின் மேல் பெயின்டால் எழுதச் சொல்லுங்கள்.